கறை எடுத்த கத்தி

இருபத்திரண்டு வருடமாக எனக்குக் கறை எடுக்கிற வேலை. வீரபாண்டியில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். என் மேஜைக்கு வருகிற பனியனில் எண்ணெய்ப் பொட்டு, கிரீஸ் தடம், தைக்கிறவர் போட்ட பேனாக் கோடு என்று எது இருந்தாலும் அதோடு அது கப்பல் ஏறக் கூடாது. கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி இருக்கும், கன் என்போம். விசையை அழுத்தினால் மருந்து மெல்லிய கம்பியாகப் பீய்ச்சி அடித்துக் கறையைக் கிளப்பிவிடும். அடியில் வெள்ளைத் துணியை வைத்து ஒற்றி எடுத்தால் அங்கே ஒன்று இருந்ததென்று ஒருவருக்கும் தெரியாது. டேனியல் கை பட்ட பீஸ் திரும்பி வராது என்று கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பெருமையில்தான் நான் இவ்வளவும் செய்தேன்.

முதலில் கத்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா மயில்சாமியிடம் ஒரு கல் கத்தி இருந்தது. ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம், தேன் நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் மட்டும் வெளிச்சம் ஊடுருவித் தெரியும். மனிதன் இரும்பைக் காணாத காலத்தில் எகிப்து தேசத்தில் எவனோ ஒருவன் சிக்கிமுக்கிக் கல்லைச் சில்லுச் சில்லாகத் தட்டிச் செய்தது. வயது ஐயாயிரம் வருடத்துக்கு மேல். அது சேவூரில் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியின் அடியில், என் அம்மா சென்னம்மாளின் கிழிந்த சேலைத் துண்டில் சுற்றி, ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் கிடந்தது. இந்த மாதிரிப் பொருள் எங்கள் மாதிரிக் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்று ஐம்பது வருடமாக ஊர் கேட்டது. பதிலையும் ஊரே வைத்திருந்தது. திருடியது என்றார்கள்.

அப்பா பதினெட்டு வயதில் எங்கள் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராகச் சேர்ந்தார். புண்ணுக்குக் கட்டுப் போடுகிற வேலை. எங்கள் தெருவிலிருந்து அந்தக் கட்டிடத்துக்குள் கூட்டிப் பெருக்குவதற்கு அல்லாமல் வேறு வேலைக்குப் போன முதல் ஆள் அவர். பெரிய டாக்டர் ஹார்வுட் என்கிற வெள்ளைக்காரர். அவர் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி, அதில் எகிப்திலிருந்து வந்த பன்னிரண்டு கல் சாமான்கள். அறுவை என்றதும் அழுது ஆர்ப்பாட்டம் செய்கிற நோயாளி வந்தால் டாக்டர் அலமாரியைத் திறந்து ஒரு கல் கத்தியை எடுப்பார். அப்பா அதை நோயாளியின் உள்ளங்கையில் வைத்துச் சொல்ல வேண்டும்: "இத வெச்சு அறுத்தும் மனுசன் பொழச்சிருக்கறானுங்க. அய்யா கத்தி இதையுட நூறு மடங்கு கூர்ப்புங்க. பயப்படாதீங்க." பதினொரு வருடம் இதே வசனத்தைச் சொன்னார். எண்பதை எட்டப்போகிற வயதிலும் தூக்கத்தில் சில நாள் சொல்வார்.

1957இல் உடம்பு முடியாமல் டாக்டர் தன் ஊருக்குக் கப்பல் ஏறினார். போகிற அன்று காலையில் அலமாரியிலிருந்து ஒரு கத்தியை எடுத்து, "இது உனக்கு" என்று கையில் வைத்தார் என்பது அப்பா சொல்வது. அறையில் வேறு யாரும் இல்லை. தாளில் எழுதிக் கொடுக்கவும் இல்லை. ஒரு மாதம் கழித்து டாக்டரின் சாமான்களைப் பெட்டி கட்டி அனுப்ப மேனேஜர் அலமாரியைத் திறந்தபோது பன்னிரண்டில் பத்துதான் இருந்தன. அப்பா தானாகவே முன்னால் போய்ச் சொன்னார். "ஒண்ணு எங்கிட்ட இருக்குதுங்க. அய்யா குடுத்தாருங்க. இன்னொண்ணு எனக்குத் தெரியாதுங்க."

டாக்டரையே எழுதிக் கேட்கலாமென்றால் அவர் ஊர் போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரமே இறந்துபோனார். மேனேஜர் மோசமானவர் இல்லை, போலீசுக்குப் போகவில்லை. "கத்தியக் கொண்டாந்து வெச்சுப்போட்டு நாளைக்கு வேலைக்கு வா. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார். அப்பா கத்தியைக் கொண்டுபோய் வைக்கவில்லை, வேலைக்கும் போகவில்லை. வைத்தால் திருடினேன் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்பது அவர் கட்சி. அவிநாசியில் ஜின்னிங் பாக்டரியில் பஞ்சுப் பொதி தூக்கினார். முதுகு வளைந்த பிறகு பனியன் கம்பெனியில் வாட்ச்மேன். ஊரில் அவருக்குக் கத்திக்கார மயில்சாமி என்று பெயர் விழுந்தது. தெரியாதவர்கள் ஏதோ ரவுடி என்று ஒதுங்கிப் போவார்கள், தெரிந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் ஒரு நாயைக்கூட அதட்டி நான் பார்த்ததில்லை.

வீட்டில் மட்டும் யாரும் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. அம்மா சாகும்வரை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அய்யா கொடுத்தார் என்றால் அய்யா கொடுத்தார், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் "கத்திக்காரன் மகன்" என்று கூப்பிட்ட ஒருவனின் மூக்கை உடைத்துவிட்டு வந்து பேசாமல் சோறு தின்றிருக்கிறேன். நிஜமா என்று அப்பாவைக் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததுதான் நாங்கள் அவருக்குச் செய்த ஒரே மரியாதை. அதன் மதிப்பு அப்போது எனக்குத் தெரியவில்லை.

2007 அக்டோபரில், ஆஸ்பத்திரி தொடங்கி எழுபத்தைந்து வருடம் என்று விழா ஏற்பாடு ஆனது. முதல் இருபத்தைந்து வருடத்தில் அங்கே வேலை பார்த்த எல்லோர் பெயரையும் கல்வெட்டில் பொறித்து வாசலில் வைக்கப் போகிறார்கள் என்று மிஷன் கோயிலில் ஆராதனை முடிந்ததும் அறிவித்தார்கள். சமையல்காரர், தோட்டக்காரர், தண்ணீர் இறைத்தவர் எல்லோரும் உண்டு. அப்பா வழக்கம்போலக் கடைசி பெஞ்சில் இருந்தார். வீட்டுக்கு நடக்கும்போது தடியை நிறுத்தி, ஐம்பது வருடத்தில் முதல் தடவையாக என்னிடம் ஒன்று கேட்டார்.

"அந்தக் கல்வெட்டுல எம்பேரு வருமா கண்ணு?"

"வருங்கப்பா, வராம எங்க போகுது" என்றேன். அன்றைக்கே விழாக் கமிட்டிச் செயலாளர் மோகன்ராஜைப் போய்ப் பார்த்தேன். ஓய்வு பெற்ற வாத்தியார், எதையும் ஒழுங்காகச் செய்கிறவர்.

"எனக்கொண்ணும் ஆட்சேபனை இல்லீங்க டேனியலு" என்றார். "ஆனா பழைய ரிஜிஸ்டர்ல 'திருட்டு, வேலை நீக்கம்'னு எழுதி வெச்சிருக்குதுங்களே. நானா அத அடிச்சிர முடியுங்களா? டாக்டர் குடுத்தாருங்கறதுக்கு எழுத்துல எதாச்சும் ஒண்ணு கொண்டாங்க. முத வரியிலயே உங்கப்பா பேரப் போடறனுங்க. பதினஞ்சாந் தேதி கல்லு வெட்டறதுக்குப் போயிருமுங்க."

அவர் சொன்னதில் தவறு சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

என் மகள் தேவிப்பிரியா திருப்பூரில் மெர்ச்சண்டைசர். நாள் முழுக்க வெளிநாட்டு பையர்களுக்கு இங்கிலீஷில் மெயில் தட்டுகிறவள். "கேட்டுப் பாக்கலாமுங்கப்பா, என்ன போச்சு" என்று அவிநாசி பிரவுசிங் சென்டரில் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து தேடினாள். டாக்டரின் ஊர் கிடைத்தது. அந்த ஊரில் ஒரு சின்ன அருங்காட்சியகம் இருப்பதும், ஹார்வுட்டின் சாமான்கள் அங்கே போய்ச் சேர்ந்திருப்பதும் தெரிந்தது. மெயில் போட்டாள். அங்கே காப்பாளராக இருக்கிற ஒரு அம்மாள் அந்தச் சனிக்கிழமையே பதில் எழுதிவிட்டார். தேவிப்பிரியா அதை அச்செடுத்து வந்து அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து தமிழில் சொன்னாள்.

டாக்டரின் தாய்மாமன் ஒரு நூல் மில் முதலாளி. அந்த ஊரே நம் ஊர் மாதிரி நூலில் பிழைத்த ஊர், பஞ்சு எகிப்திலிருந்து வந்தது. நூறு வருடத்துக்கு முன்னால் எகிப்தில் கல்லறை தோண்டுகிறவர்களுக்கு இந்த மாதிரி முதலாளிகள் பணம் கொடுப்பார்களாம். தோண்டி எடுத்ததில் ஆளுக்கு ஒரு பங்கு பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வந்துவிடும். மாமன் தன் பங்கிலிருந்து பன்னிரண்டு கல்லை மருமகன் இந்தியாவுக்குப் புறப்படும்போது கொடுத்திருக்கிறார். கத்திகளெல்லாம் செத்தவர்களின் கையருகே வைத்துப் புதைத்தவை. எந்தக் கத்தி யாரிடம் போனது என்று டாக்டர் எழுதி வைத்த நோட்டு தங்களிடம் இருக்கிறது, உங்களிடம் இருப்பதை இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார். அருங்காட்சியக வாசலில் மாமன் பெயர் நன்கொடையாளர் என்று பொன் எழுத்தில் இருக்கிறதாம்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. செத்தவன் கையிலிருந்து எடுத்தவனுக்குப் பொன் எழுத்து. உயிரோடு இருந்தவன் கொடுத்ததை வாங்கியவனுக்கு ரிஜிஸ்டரில் திருட்டு.

அப்பா சிரிக்கவில்லை. "அய்யா நோட்டுல எழுதியிருக்கறாரா?" என்று இரண்டு தடவை கேட்டார். "எழுதற ஆளுதான். எல்லாத்தையும் எழுதி வெப்பாரு." அன்று ராத்திரிச் சோற்றுக்கு இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்கினார். என் மனைவி சித்ரகலா என்னைப் பார்த்தாள், இப்படி அவர் கேட்டு எத்தனையோ நாளாயிற்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயில் முடிந்ததும் பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்தேன். வெளிச்சத்தில் பார்த்ததும் என் வேலைப் புத்தி விழித்துக்கொண்டது. கைப்பிடிப் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு, சில்லு விழுந்த குழிகளிலெல்லாம் அழுக்கு. தட்டையான இடத்தில் ஒரு நகம் அகலத்துக்கு மஞ்சளாக மினுமினுப்பு, அதற்குள் எறும்பு ஊர்ந்த மாதிரி கறுப்பாக ஏதோ கிறுக்கல். வெளிநாட்டுக்குப் போகிற படம். பையர் பார்க்கிற பீஸ். இப்படியா அனுப்புவது?

கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வீரபாண்டி போனேன். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் செக்கிங் ஹாலில் யாரும் இல்லை. என் மேஜையில் வெள்ளை பனியன் வேஸ்ட் துணியை விரித்துக் கத்தியை வைத்தேன். பிசுக்கு இரண்டு அடியில் போயிற்று. குழி அழுக்கை ஊசி முனையில் துணி சுற்றி எடுத்தேன். கறுப்புக் கிறுக்கல்தான் கொஞ்சம் முரண்டு பிடித்தது. மேலே ஏதோ வார்னிஷ் மாதிரி பூசியிருந்தது. மருந்தை மாற்றி அடித்தேன். மஞ்சள் கரைந்தது, அதோடு கறுப்பும் கிளம்பித் துணியில் ஒரு சாம்பல் பொட்டாக இறங்கியது. துணியை மடித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு ஆசையாக நான் கறை எடுத்ததில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது.

வீட்டுக்கு வந்து அப்பா கையில் கொடுத்தேன். அவருக்குக் கண்ணில் புரை, விரலால்தான் பார்ப்பார். ஓரத்தைத் தடவினார், முனையைத் தடவினார். கட்டைவிரல் தட்டையான இடத்துக்கு வந்து நின்றது. அங்கேயே இரண்டு மூன்று தடவை தேய்த்துப் பார்த்தது.

"இங்க கறுப்பா ஒண்ணு இருந்துதே கண்ணு? மேல வழவழன்னு பூசியிருக்கும்."

"எடுத்துட்டனுங்கப்பா. பாருங்க, புதுசாட்டம் ஆயிருச்சு."

"செரி" என்றார்.

திங்கட்கிழமை தேவிப்பிரியா, சாம்பிள் பீஸை எடுக்கிற கம்பெனி கேமராவைக் கேட்டு வாங்கி வந்து படம் பிடித்து அனுப்பினாள். புதன்கிழமை பதில் வந்தது. எனக்கு அப்போது கம்பெனியில் ஷிப்மெண்ட் அவசரம். போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, நல்ல சேதிதானுங்க. ரெண்டே ரெண்டு நம்பருதான் பாக்கி. படிக்கறேன் கேளுங்க."

படித்தாள். கத்தி மிக அழகானது, சந்தேகமே இல்லாமல் அந்தக் கல்லறைகளிலிருந்து வந்ததுதான். தோண்டியவர்கள் ஒவ்வொரு பொருளின் மேலும் கல்லறை எண்ணைக் கறுப்பு மையில் சின்னதாக எழுதி, அழியாமல் இருக்க மேலே வார்னிஷ் பூசுவார்கள். டாக்டர் நோட்டிலும் கல்லுக்கு வேறு அடையாளம் கிடையாது, எண் மட்டும்தான். பத்து எண்கள் திரும்பி வந்து சேர்ந்துவிட்டன. மீதி இரண்டு. இரண்டுக்கும் நேராகக் 'கத்தி' என்றுதான் போட்டிருக்கிறது. ஒன்றின் பக்கத்தில் டாக்டர் தன் கையால், 'புறப்படும் அன்று என் டிரஸ்ஸருக்குக் கொடுத்தேன்' என்று எழுதியிருக்கிறார். இன்னொன்றின் பக்கத்தில், 'மழைக்காலத்திலிருந்து அலமாரியில் காணவில்லை' என்று எழுதியிருக்கிறார். உங்கள் படங்களில் எண் தெரியவில்லை. எண்ணை மட்டும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பினால், எது எதுவென்று உறுதி செய்து அருங்காட்சியகத்தின் முத்திரையோடு கடிதம் தருகிறோம்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

இருந்தேன். என் முன்னால் மேஜையில் கன் கிடந்தது, பக்கத்தில் மருந்து பாட்டில்.

குப்பைக் கூடையைத் தேடி ஓடினேன். ஞாயிற்றுக்கிழமைக் குப்பை திங்கட்கிழமையே வேஸ்ட் வண்டியில் போயிருந்தது. போகாமல் இருந்தாலும் ஒரு சாம்பல் பொட்டில் எந்த எண்ணைப் படிக்க முடியும்? அதைத் தெரிந்துகொண்டேதான் ஓடினேன்.

தேவிப்பிரியா அழுதாள், பிறகு மறுபடி மெயில் போட்டாள். நடந்ததை மறைக்காமல் எழுதினாள். நீளம், எடை, ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. அந்த அம்மாள் மனது கேட்காமல் ஒரு வழி சொல்லியிருந்தார். புற ஊதா விளக்கின் கீழே பார்த்தால் அழிந்த மை சில சமயம் தெரியும். உங்களுக்கு அப்படி ஒரு விளக்கு கிடைக்குமா?

கிடைக்குமாவா. துணியின் சாயம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்கள் ஹாலிலேயே ஒரு கலர் மேட்சிங் பெட்டி இருக்கிறது. நாலு விதமான விளக்கு, அதில் ஒன்று அந்த விளக்குத்தான். சாப்பாட்டு நேரத்தில் கத்தியை உள்ளே வைத்து, முகத்தை நுழைத்து, கறுப்புத் துணியால் தலையை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். கல் இருட்டாகக் கிடந்தது. தட்டையான இடத்தில் ஒன்றும் இல்லை, ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. சில்லுக் குழிகளில் மட்டும் இரண்டு மூன்று பஞ்சு இழை நீலமாக மின்னியது. நான் துடைத்த பனியன் வேஸ்ட்டின் இழை. என் வேலை அவ்வளவு சுத்தம்.

சாப்பாட்டு மணி முடிந்து பெண்கள் திரும்பி வரும்வரை அந்தப் பெட்டிக்குள்ளேயே தலையை வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அது உள்ளே வந்தது. இரண்டு எண். ஒன்று கொடுத்தது, ஒன்று காணாமல் போனது. அழிந்துபோன எண் எது? டாக்டருக்கு மூன்று டிரஸ்ஸர்கள் இருந்தார்கள். கொடுத்தது வேறு ஒருவருக்கு என்றால்? இத்தனை வருடம் என் வீட்டுக் கூரைக்குள் ஒருமுறைகூட எழாத கேள்வி. அந்த மை இருந்தவரை எனக்கு அது தேவைப்படவில்லை, மை இருப்பதே தெரியாமல் இருந்தேன். இப்போது இல்லை என்று தெரிந்ததும் பல்லில் மாட்டிய நார் மாதிரி அதையே நாக்கு தேடித் தேடிப் போயிற்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பர் அழிந்துவிட்டது, நான்தான் அழித்தேன் என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியாமப் பண்ணினது. உட்டுத் தள்ளு கண்ணு" என்றார். "அய்யா நோட்டுல எழுதியிருக்கறாரில்ல, டிரஸ்ஸருக்குக் குடுத்தேன்னு. அது போதும் எனக்கு."

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். அவர் அதை வைத்துக்கொண்டு நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார். எனக்குத்தான் நாக்கு அடங்கவில்லை. ஒரு பீஸை மூன்று தடவை திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்காத வேலை. என் அப்பாவையும் திருப்பிப் பார்த்தேன்.

"அப்பா, அய்யா குடுத்தது உங்களுக்குத்தானுங்களா? இதேதானுங்களா?"

அவர் முகத்தில் கோபம் வரவில்லை. என் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரியாதவர் மாதிரி லேசாகத் தலையைத் திருப்பினார். புரை விழுந்த கண் என் முகத்துக்குக் கொஞ்சம் தள்ளி எதையோ பார்த்தது. சித்ரகலா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்பா கட்டிலில் சுவர்ப் பக்கமாகப் படுத்துக்கொண்டார். சோற்றுக்கு எழுந்து வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கம்பெனிக்கு மோகன்ராஜ் போன் செய்தார்.

"டேனியலு, உங்கப்பா பெரிய மனுசருங்க. காத்தால தனியா தடிய ஊனிக்கிட்டு எங்க ஊட்டுக்கு நடந்தே வந்துட்டாரு. கத்தியக் குடுத்துட்டுப் போயிட்டாருங்க."

"என்ன சொல்லிக் குடுத்தாருங்க?"

"'ஆஸ்பத்திரிச் சாமானம், ஆஸ்பத்திரில இருக்கட்டுங்க'ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லலீங்க. நானும் கேக்கலீங்க. இந்த வயசுல மனசு வந்து குடுத்திருக்கறாரு, கிண்டிக்கிட்டு இருக்கறது நல்லதில்லைங்க. ஆண்டவரு மன்னிக்கறவரு. விழாவுல கண்ணாடிப் பெட்டி ஒண்ணு செஞ்சு வெச்சர்றோம்."

"அது அப்படி இல்லீங்க" என்றேன். எப்படி என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு.

பர்மிஷன் போட்டுவிட்டு ஓடினேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் காலி பிஸ்கட் டப்பா, அம்மாவின் சேலைத் துண்டை அதற்குள் மடித்து வைத்திருந்தார். நடந்து வந்த தூசி காலில் முழங்கால்வரை இருந்தது.

"ஏனுங்கப்பா குடுத்தீங்க? அன்னிக்குக் குடுத்திருந்தா வேலையாச்சும் நின்னிருக்குமே. அம்பது வருசம் குடுக்காம இருந்துட்டு இப்பப் போயிக் குடுக்கறீங்களே, அவிய என்ன நெனப்பாங்க?"

"நெனச்சுக்கட்டும்" என்றார். டப்பாவின் மூடியைப் போட்டு, சரியாகப் பொருந்தும்வரை விரலால் சுற்றிலும் அழுத்தினார். "ஊரு கேட்டப்ப நான் குடுக்கல. ஊருதானேன்னு இருந்தேன். நீ கேட்டுட்டியே கண்ணு."

நான் அவர் காலடியில் உட்கார்ந்தேன். மன்னியுங்கள் என்றேன், தெரியாமல் கேட்டுவிட்டேன் என்றேன், திரும்ப வாங்கி வந்துவிடுகிறேன் என்றேன். எல்லாவற்றுக்கும் "செரி, செரி" என்றார். கேட்ட கேள்வியைத் துடைத்து எடுக்க என்னிடம் மருந்து இல்லை.

மோகன்ராஜிடம் போய்த் திருப்பிக் கேட்கவும் கேட்டேன். ரிஜிஸ்டரில் ஏற்றிவிட்டோமுங்க, கமிட்டி கூடித்தான் முடிவு பண்ண முடியுமுங்க, அதுவும் உங்கப்பாவே வந்து கேட்டால் பார்க்கலாம் என்றார். அப்பா கேட்க மாட்டார் என்று அவருக்கும் தெரியும். பதினைந்தாம் தேதி கல் வெட்டப் போயிற்று.

விழாவுக்கு அப்பா வரவில்லை. நானும் தேவிப்பிரியாவும் போனோம். போகாமல் இருந்திருக்கலாம், யாராவது ஒருவர் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வாசலில் கறுப்புக் கல்வெட்டு. நாற்பத்தொரு பெயர்கள். தண்ணீர் இறைத்த பொங்கியண்ணன் பெயர் இருந்தது, துணி வெளுத்த குப்பாயி பெயர் இருந்தது. அப்பா பெயர் இல்லை. உள்ளே டாக்டரின் பழைய அறையில் புதுக் கண்ணாடிப் பெட்டி, அடியில் வெல்வெட், அதன்மேல் கத்தி. விளக்கு வெளிச்சத்தில் தேன் நிறமாகப் பளபளவென்று இருந்தது. எல்லோரும் என்ன சுத்தமாக இருக்கிறது என்றார்கள். பக்கத்தில் ஒரு அட்டையில் கம்ப்யூட்டரில் அடித்திருந்தார்கள்:

எகிப்து நாட்டுக் கல் கத்தி. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. டாக்டர் ஹார்வுட் சேகரிப்பு. 1957இல் காணாமற்போன இப்பொருள், 2007இல் திரு. மயில்சாமி அவர்களால் திருப்பி ஒப்படைக்கப்பட்டது.

பழக்க தோஷத்தில் இரண்டு தடவை படித்தேன். எழுத்துப் பிழை இல்லை. மை கலங்கவில்லை. மேலே பிளாஸ்டிக் உறை போட்டு நான்கு ஓரமும் ஒட்டியிருந்தார்கள். தேவிப்பிரியா என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

வீட்டில் அப்பா எங்கள் காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்த மாதிரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"எல்லாரும் வந்திருந்தாங்களா?"

"வந்திருந்தாங்கப்பா."

வலது கட்டைவிரல் போர்வையின் மேல் ஒரே இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

"எம்பேரு எங்கியாச்சும் இருக்குதா கண்ணு?"

தேவிப்பிரியா உள்ளே போய்விட்டாள். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிஜம் சொல்லவும் வரவில்லை.

"இருக்குதுங்கப்பா."

"எங்க?"

"கத்திக்குப் பக்கத்துலீங்க" என்றேன்.